கழுத்துப்பட்டி இறுகியபோது

ஆடி மழையில் ஹட்டனில் எதுவும் லேசில் காய்வதில்லை. ஈரம் வற்றாத ஜூடோ அங்கியின் கழுத்துப்பட்டி என் தாடைக்குக் கீழே இறுகிய அந்த மாலையில், மூச்சு தடையின்றி வந்துகொண்டிருக்கும்போதே பார்வையின் ஓரங்கள் கறுத்தன. பிடியை விடச் சொல்லி இரண்டு தரம் தட்டினேன், பிடி தளர்ந்தது.

மூச்சை அடைப்பதுதான் நெரித்தல் என்று அதுவரை நினைத்திருந்தேன். ஷிமே வாசா எனப்படும் இப்பிடிகளுள் பல, முறையாக இடப்படும்போது, கழுத்தின் இரு பக்கங்களிலும் உள்ள நாடிகளையும் நாளங்களையும் அழுத்தி மூளையின் குருதியோட்டத்தைத் தடுக்கின்றன. உடல் எடையில் ஐம்பதில் ஒரு பங்கேயான மூளை, உடலின் ஒட்சிசனில் ஏறத்தாழ 20 சதவீதத்தைச் செலவிடுவதால், சுமார் 10 விநாடிகளில் நினைவு தப்பிவிடுகிறது. உடனே விட்டால் பெரும்பாலும் விரைவில் தெளியும்.

கைப்பூட்டு வலியால் எச்சரிக்கும். நெரித்தலோ ஏறக்குறைய இதமாகவே மயக்கும், அதனால்தான் எனக்கு இதன்மேல் அச்சம் அதிகம். முன்கை எலும்பு நேரே தொண்டையில் பதிந்தால் குரல்வளைக் குருத்தெலும்பு முறியலாம். அதைவிட அரிதானதும் கொடியதுமானது, நாடியின் உட்சுவர் கிழிந்து, அங்கே உறையும் குருதி மூளைக்குச் சென்று பக்கவாதத்தை உண்டாக்குவது. இது சில நாட்கள் கழித்தும் வெளிப்படலாம். ஆகவே பயிற்சிக்குப் பின் புதிதாகக் கழுத்துவலி, தலைவலி, பேச்சுக் குழறல், ஒரு பக்க மரப்பு தோன்றினால், தைலம் தேய்த்துக்கொண்டு படுக்காமல் வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

“தம்பி, கண்ணு கறுக்குறதுக்கு முன்னுக்கே தட்டணும்” என்றார் மாஸ்டர், என் கால்களைத் தூக்கிப் பிடித்தபடி.