152ல மூணு நாள் மண்டை காஞ்ச கதை

வீடு கடலூர் மஞ்சக்குப்பம், எம்.எஸ்சி கெமிஸ்ட்ரி படிக்கிறது பாண்டில, டெய்லி பஸ்தான். போன செமஸ்டர்ல மேம் ஆளுக்கு ஒரு மாஸ் ஸ்பெக்ட்ரம் (மாலிக்யூல உடைச்சு, ஒவ்வொரு துண்டோட எடையையும் ஒரு கோடா காட்டுற படம்) பிரிண்ட் குடுத்து வெள்ளிக்கிழமைக்குள்ள காம்பவுண்ட் பேர் சொல்லணும்னுட்டாங்க. சாம்பிள் கிடையாது, ஐஆர் (இன்ஃப்ராரெட்) ஸ்பெக்ட்ரம் கிடையாது, சாஃப்ட்வேர்ல லைப்ரரி சர்ச் போடவும் கூடாது. கோடு கோடா ஒரு பேப்பர், அவ்ளோதான்.

என் பேப்பர்ல எடை 120ல நிக்கிற கோடுதான் பேஸ் பீக், அதாவது இருக்கறதுலயே உசரமான கோடு, அத 100னு வச்சுதான் மத்த உயரமெல்லாம். அப்புறம் 92, 65, 39, நடுவுல 121 கொஞ்சம். வலது ஓரத்துல 152, உயரம் 48, அதுக்குப் பக்கத்துல 153 குட்டியா 4.2.

நான் நேரா 120ல போய் உக்காந்துட்டேன். 120 எடைக்கு அசிட்டோபீனோன் வரும், ஆனா அதுக்கு 105 பெருசா வரணும், இதுல இல்ல. சரி அந்த 152 என்னன்னு கேட்டா, அழுக்கா இருக்கும்னு நானே முடிவு பண்ணிட்டேன். சும்மா இல்ல, முன்னாடி சூடு பட்டிருக்கேன். ஒரு தடவ இலைச்சாறு எக்ஸ்ட்ராக்ட்ட பிளாஸ்டிக் டப்பால வச்சு ஓட்டினதுல 149 பெருசா வந்துச்சு, ஏதோ புதுசா கண்டுபுடிச்ச மாதிரி லேப் ஃபுல்லா காட்டிட்டு வந்தேன், அது பிளாஸ்டிக்க வளையற மாதிரி ஆக்க சேக்குற தாலேட், டப்பால இருந்து எறங்கினது. 207, 281 வந்தா மெஷினுக்குள்ள சாம்பிள் ஓடுற குழாய், அதான் காலம் (column), அதுல இருந்து கசியற சிலிக்கோன் சமாச்சாரம். இதெல்லாம் மனசுல இருந்ததால எது வந்தாலும் அழுக்குன்னே தோணுச்சு.

பி.எச்டி பண்ற அக்கா ஒருத்தங்கதான் காப்பாத்துனாங்க. "உயரத்த பாக்காதடா, வலது ஓரத்துல இருந்து உள்ள வா, என்ன கழண்டு போயிருக்குன்னு பாரு"ன்னாங்க. 70 எலக்ட்ரான் வோல்ட்ல அடிச்சா மாலிக்யூல் உடைஞ்சு செதறும், சார்ஜ் இருக்கிற துண்டு மட்டும்தான் பேப்பர்ல வரும், சார்ஜ் இல்லாம போனத நாமதான் கழிச்சுப் பாக்கணும். 152ல 120 போனா 32, அது மெத்தனால். 120ல 92 போனா 28, கார்பன் மோனாக்சைடு. 152ல 121 போனா 31, மெத்தாக்ஸி. கணக்கு சுத்தமா உக்காருது, இதுவே 5, 10ன்னு வந்திருந்தா 152 மாலிக்குலர் அயான் (உடையாத முழு மாலிக்யூல்) இல்லன்னு சந்தேகப்படணும்.

அப்புறம் கார்பன் எத்தனைன்னு எண்ணப் போய் அடுத்த கூத்து. ஒரு கார்பனுக்கு 1.1 சதவீதம் அடுத்த பீக்ல வரும், ஒரு எடை கூடுதலான கார்பன் 13 கொஞ்சம் கலந்திருக்கிறதால. 153 உயரம் 4.2, 1.1ஆல வகுத்தா கிட்டத்தட்ட 4 கார்பன். நாலு கார்பன வச்சு பென்சீன் வளையம் எப்படிடா போடறதுன்னு மறுநாள் காலைல பஸ்ல முள்ளோடை தாண்டியும் பேனாவ கடிச்சுட்டே வந்தேன், தவளக்குப்பம் டிராஃபிக்ல நிக்கும்போதுதான் உறைச்சுது, 4.2ங்கறது 120ஓட ஒப்பிட்ட அளவு, நான் 152ஓட 48க்கு எவ்ளோன்னு பாக்கணும். 8.75 சதவீதம், அப்ப 8 கார்பன். 8 கார்பனுக்கு 96, 152ல அது போனா மீதி 56, அதுல 48 மூணு ஆக்சிஜன், 8 ஹைட்ரஜன். 154ல ஒண்ணுமே பெருசா இல்ல, அதனால குளோரின், புரோமின் கிடையாது. (குளோரின்னா 35.5னு ஸ்கூல்ல மனப்பாடம் பண்ணத மறந்துடுங்க, இங்க 35, 37னு மூணுக்கு ஒண்ணா தனித்தனியாதான் வரும்.)

சி8 எச்8 ஓ3. வளையமும் டபுள் பாண்டும் சேத்து அஞ்சு வருது, பென்சீனுக்கு நாலு, சி=ஓவுக்கு ஒண்ணு. ஹைட்ராக்ஸி பென்சாயிக் ஆசிட்டோட மெத்தில் எஸ்டர்தான்னு குதிச்சு "மெத்தில் பாராபென்"னு எழுதிட்டேன், அழகுசாதன லேபிள்ல பாத்த பேரு.

அக்கா பாத்துட்டு "120 ரெட்டைப்படையா வருதே, யோசிச்சியா?"ன்னாங்க. நைட்ரஜன் இல்லாத, ரெட்டைப்படை எடை மாலிக்யூல்ல சாதாரணமா ஒரு பாண்ட் உடைஞ்சா துண்டு ஒத்தப்படையா வரும். ரெட்டைப்படையா வந்தா, ஹைட்ரஜன் இடம் மாறி ஒரு முழு மாலிக்யூலே வெளிய போயிருக்கு. பாராபென்ல ஓஎச் வளையத்துக்கு அந்தப் பக்கம் (அதான் பாரா), அதோட ஹைட்ரஜன் எஸ்டருக்கு எட்டாது, வெறும் மெத்தாக்ஸி போய் 121தான் பேஸ் பீக்கா வரும். ஓஎச் பக்கத்து வீட்டுல இருந்தாதான் ஹைட்ரஜன கையில குடுத்து மெத்தனாலா அனுப்ப முடியும். அந்தப் பக்கத்து இடத்துக்குப் பேருதான் ஆர்த்தோ. அப்ப இது மெத்தில் சாலிசிலேட். எங்க ஆயா முட்டிக்குத் தேய்க்கிற தைலத்தோட அதே வாசனை, வீட்டுலயே இருந்திருக்கு!

வெள்ளிக்கிழமை மேம் காம்பவுண்ட் பேர கேக்கவே இல்ல, "பாராவா இருந்தா எந்தப் பீக் மாறும்?"னு மட்டும் கேட்டாங்க, 120, 92க்கு பதிலா 121, அப்புறம் 93ன்னேன். தலையாட்டிட்டு அடுத்த பேப்பர நீட்டுனாங்க. வலது ஓரத்துல 135, ஒத்தப்படை, அப்ப நைட்ரஜன் இருக்கு. பேஸ் பீக் 93, கழண்டது 42, கீட்டீன். இடது பக்கம் 43. அரியாங்குப்பம் வர்றதுக்குள்ள பேப்பர் பின்னாடி அசிட்டனிலைட்னு எழுதிட்டேன்.