ஹட்டன் அம்மாவின் சேமலாப நிதி

மலேசியாவில், பினாங்கின் பாயான் லெப்பாஸில் என்னோடு இரவு ஷிஃப்ட் பார்க்கும் தம்பி இலங்கையின் ஹட்டன் பக்கத்துக்காரர். அவருடைய அம்மா தேயிலைத் தோட்டத்தில் காலமெல்லாம் கொழுந்து பறித்தவர். நேற்று சாப்பாட்டு நேரத்தில் கேட்டார்: "அண்ணே, உங்க நாட்டுல ஈபிஎஃப்ல கை வைப்பாங்களா?" ஈபிஎஃப் என்றால் தொழிலாளர் ஓய்வுக்காலத்துக்குச் சேர்க்கும் பணம்; இலங்கைத் தமிழில் ஊழியர் சேமலாப நிதி.

எனக்குச் சோறு இறங்கவில்லை.

2022 ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்தியது. 2023 மார்ச்சில் ஐஎம்எஃப் என்ற சர்வதேச நாணய நிதியம் சுமார் 300 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் தந்தது. சரி, அப்புறம் உள்நாட்டுக் கடனையும் சீரமைக்க வேண்டும் என்றார்கள். வங்கிகள் வைத்திருந்த கருவூலப் பத்திரங்களை, அதாவது அரசு கடன் வாங்கக் கொடுத்த பத்திரங்களை, தொடவில்லை. தொழிலாளரின் ஊழியர் சேமலாப நிதி வைத்திருந்த பத்திரங்களைத்தான் புதிய பத்திரங்களாக மாற்றினார்கள்: 2025 வரை 12 சதவீத வட்டி, அதன்பின் 9. வேறு வழியே இல்லையாம்! இதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தக் கடன்களை வாங்கும்போது கொழுந்து பறித்த கையை யார் கேட்டார்கள்?

8 சதவீதமாக இருந்த வாட் வரியும் 2024 ஜனவரியில் 18 ஆகிவிட்டது. தம்பி மாதாமாதம் அனுப்பும் ரிங்கிட்டில் பாதி, அம்மாவின் மருந்துக்கே போகிறதாம்.