டர்ட் பைக் தடத்தில் தன்னார்வ வேலை

வட கலிஃபோர்னியாவில் மெண்டசினோ தேசிய வனத்தின் ஸ்டோனிஃபோர்ட் பகுதிக்கு டர்ட் பைக் (மண்பாதையில் ஓட்டும் பைக்) ஓட்டப் போவது என் வழக்கம். அங்கே தடங்களைப் பராமரிக்கும் தன்னார்வலர்களோடு சேர்ந்ததிலிருந்து, எப்படிச் சேருவது, என்ன செய்வீர்கள் என்று நண்பர்கள் கேட்கிறார்கள்.

சேர்வது சுலபம். வனத்துறையின் தன்னார்வலர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். சம்பளம் கிடையாது. ஆனால் வேலையில் அடிபட்டால் அரசு ஊழியருக்கு உள்ள இழப்பீடு நமக்கும் உண்டு, அதனால் அந்தத் தாளை அலட்சியமாக நினைக்க வேண்டாம். செயின்சா என்ற இயந்திர ரம்பம் பிடிக்கத் தனிப் பயிற்சியும் முதலுதவிச் சான்றிதழும் கேட்பார்கள். எனக்கு மண்வெட்டியே போதும் என்று இருந்துவிட்டேன்.

மண்வேலை முழுக்கத் தண்ணீரைப் பற்றியது. மழைநீர் தடத்தின் நீளத்துக்கு ஓடினால் ஒரே பருவத்தில் பள்ளம் விழுந்துவிடும். இடையிடையே மேடு கட்டி, நீரைச் சரிவுப் பக்கம் வெளியேற்ற வேண்டும். வயலில் மடை திருப்புகிற மாதிரிதான். சிலர் அந்த மேட்டைத் தவிர்க்க ஓரமாகச் சுற்றி ஓட்டுவார்கள். அடுத்த மழையில் தண்ணீர் அவர்கள் போட்ட புது வழியில் இறங்கிவிடும்.

ஆனால் என் நேரம் அதிகம் போவது வண்டி நிறுத்துமிடத்தில், ஓட்ட வந்தவர்களிடம் பேசுவதில். அபராதம் போட நமக்கு அதிகாரம் இல்லை. பேச்சுதான் கருவி. முதலில் வரைபடம். 2005-இல் வந்த விதிப்படி, வனத்துறையின் வாகன வரைபடத்தில் இல்லாத தடத்தில் வண்டி ஓட்டக் கூடாது. தடுப்பும் இல்லை, பலகையும் இல்லை என்பது சாக்கு ஆகாது. வரைபடம் இலவசம். கருப்பு வெள்ளையில் பார்க்கச் சகிக்காது, அதனாலேயே பலர் எடுப்பதில்லை.

அப்புறம் சத்தம். என்னைக் கேட்டால், தடங்களுக்கு டயரைவிடச் சைலன்சர்தான் பெரிய எதிரி. டயர் விட்ட அடையாளத்தை அங்கே வந்தவர்தான் பார்ப்பார். சத்தமோ மலைமுகட்டைத் தாண்டி யார் வீட்டுக்கும் போகும், அங்கிருந்து வரும் புகார் தடத்தையே மூட வைக்கலாம். 1986 முதல் தயாரான பெரும்பாலான வண்டிகளுக்குக் கலிஃபோர்னியாவில் 96 டெசிபல்தான் வரம்பு. சைலன்சர் முனையிலிருந்து 20 அங்குலம் தள்ளி, 45 டிகிரி கோணத்தில் மீட்டரை வைத்து அளப்பார்கள். "விதி இருக்கிறது" என்று ஆரம்பித்தால் முகம் சுருங்கும். "உங்கள் வண்டி எவ்வளவு காட்டுகிறது, பார்க்கலாமா?" என்றால் தானாகவே உருட்டிக்கொண்டு வருவார்கள். பக்கத்து வண்டிக்காரரும் வருவார். அதே சூட்டில் புகைக்குழாயிலிருந்து தீப்பொறி வெளியேறாமல் தடுக்கும் ஸ்பார்க் அரெஸ்டர் இருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம். காய்ந்த புல்லில் ஒரு பொறி விழுந்தால் என்ன ஆகும் என்று கலிஃபோர்னியாக்காரருக்கு விளக்க வேண்டியதில்லை.

குதிரை எதிரே வந்தால் ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு நாலு வார்த்தை பேசச் சொல்வோம். மனிதக் குரல் கேட்டால் குதிரை மிரள்வது குறையும். இதைக் கேட்டுச் சிரிக்காதவர் குறைவு, ஆனால் பலன் உண்டு.

கடைசியாக வருகைத்தாள். தடப் பராமரிப்புக்கு மாநில நிதி கேட்கும்போது விண்ணப்பிப்பவரும் தன் பங்கைக் காட்ட வேண்டும். நம் வேலை நேரத்தையும் அந்தப் பங்கில் பணமாகக் கணக்கிடலாம். எழுதாத மணி செய்யாத மணிதான். களைப்பில் அப்படியே காரேறுகிறவர்களை மறித்துக் கையெழுத்து வாங்குவதுதான் இப்போது என் வேலை.