மருந்துக் கணக்கில் வராத மாத்திரை

"வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்ட மூன்று மருத்துவர்களிடமும் நான் "இல்லை" என்றே சொன்னேன். பொய் சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. இரண்டாவது பிள்ளை பிறந்த மறு வருடத்திலிருந்து பன்னிரண்டு ஆண்டுகளாக இரவுச் சாப்பாட்டுக்குப் பின் விழுங்கி வந்த கருத்தடை மாத்திரையை நான் மருந்தாக நினைத்ததே இல்லை.

வலது விலாவின் அடியில் இருந்த பாரத்துக்கு அம்பாசமுத்திரத்தில் இரண்டு மாதம் வாயுத் தொல்லைக்கான மாத்திரைதான் கிடைத்தது. பிறகு எடுத்த ஸ்கேனில் கல்லீரலின் வலப்பக்கத்தில் 4.2 செ.மீ. கட்டி இருப்பதாக எழுதியிருந்தார்கள். இரத்தப் பரிசோதனையிலோ கல்லீரலின் நிலையைக் காட்டும் பிலிருபின், எஸ்.ஜி.பி.டி. எல்லாம் அளவுக்குள் இருந்தன. காமாலை இல்லாத எனக்கு அத்தை கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தது தனிக் கதை.

பாளையங்கோட்டையில் மைனி வீட்டில் தங்கிப் பார்த்த நான்காவது மருத்துவர்தான் கேள்வியை மாற்றிக் கேட்டார்: "குழந்தை உண்டாகாமலிருக்க என்ன செய்கிறீர்கள்?" மைனி பக்கத்தில் இருந்ததால் சற்றுத் தயங்கி, கைப்பையிலிருந்த அட்டையை எடுத்து நீட்டினேன். 28 மாத்திரைகளில் ஏழு வெறும் இரும்புச்சத்து என்றும், மற்ற 21இல் ஒவ்வொன்றிலும் 30 மைக்ரோகிராம் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் இருக்கிறது என்றும் அவர் விளக்கினார்.

இந்த மாத்திரையை நெடுநாள் சாப்பிடும் பெண்களில் பெரும்பாலோரின் கல்லீரலுக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆண்டுக்கு லட்சத்தில் மூன்று நான்கு பேருக்கு அடினோமா என்னும், புற்றுநோய் அல்லாத கட்டி வருகிறது. 1973லேயே இந்தத் தொடர்பைக் கண்டிருக்கிறார்கள். கட்டி 5 செ.மீ.க்கு மேல் வளர்ந்தால் உள்ளே இரத்தம் கசியும் ஆபத்து கூடும் என்பதால்தான் அளவை அவ்வளவு கூர்ந்து பார்க்கிறார்கள். இரத்தப் பரிசோதனை சரியாக இருந்தாலும் இந்தக் கட்டி இருக்கக்கூடும் என்பதை அவர் சொல்லித்தான் அறிந்தேன்.

சாய மருந்து ஏற்றி எடுத்த எம்.ஆர்.ஐ.யில் அது அடினோமாதான் என்று உறுதியானது. அறுவை சிகிச்சை வேண்டாம், மாத்திரையை நிறுத்திவிட்டு ஆறு மாதம் காத்திருக்கலாம் என்றார். ஹார்மோன் இல்லாத காப்பர்-டி பொருத்திக்கொண்டேன். அந்த ஆறு மாதமும் குனிந்து குடத்தைத் தூக்கும்போதெல்லாம் கை தானாக விலாவுக்குப் போகும். அடுத்த எம்.ஆர்.ஐ.யில் கட்டி 2.7 செ.மீ.யாகச் சுருங்கியிருந்தது.

அலமாரியில் மீந்திருந்த இரண்டு அட்டைகளைக் கிராம சுகாதாரச் செவிலியரிடம் திருப்பிக் கொடுத்தேன். அவர் காரணத்தை விசாரித்து, பதிவேட்டில் என் பெயருக்கு நேரே எழுதிக்கொண்டார்.