டிக், இன்ட்டு மட்டும் போட்டால் போதுமா?

கலர் விஷன் டெஸ்ட் என்றதும் எல்லாருக்கும் வண்ணப் புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் இஷிஹாரா புத்தகம்தான் ஞாபகம் வரும். 38 அட்டைப் பதிப்பில் முதல் 21 அட்டைகளில் 17 சரியாகச் சொன்னால் இயல்பான பார்வை, 13 அல்லது அதற்குக் கீழே என்றால் குறைபாடு. கணக்கு சரிதான். ஆனால் கண் பரிசோதிக்கும் நம் ஆட்கள் பலரும் வெறும் டிக், இன்ட்டு போட்டு எண்ணிவிட்டு ஃபைலை மூடிவிடுவது எனக்கு எரிச்சலாக இருக்கும். 8 உள்ள அட்டையை ஒருவர் 3 என்கிறார், இன்னொருவர் 6 என்கிறார். இரண்டுக்கும் இன்ட்டுதான், ஆனால் 3 என்பது சிவப்பு-பச்சைக் குறைபாடு உள்ளவர்கள் வழக்கமாகப் படிக்கிற எண். 6 என்றவர் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்தவராகக்கூட இருக்கலாம். அவர் சொன்ன எண்ணையே எழுதி வைக்க எவ்வளவு நேரம் ஆகிவிடப் போகிறது?

ஃபார்ன்ஸ்வொர்த் டி-15 என்ற இன்னொரு நிறச் சோதனையிலும் இதே கதைதான். 15 வண்ண மூடிகளை நிற வரிசையில் அடுக்கச் சொல்லி, வட்டத்தில் கோடு இழுத்து, எத்தனை கோடு குறுக்கே போகிறது என்று பார்த்து பாஸ், ஃபெயில் சொல்லிவிடுகிறோம். 1988லேயே விங்ரிஸ், கிங்-ஸ்மித் என்ற இரு ஆய்வாளர்கள் இதற்கு நல்ல வழி சொல்லிவிட்டார்கள்: அடுத்தடுத்த இரண்டு மூடிகளுக்கு நடுவில் உள்ள நிற வித்தியாசத்தை நீளமும் திசையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். அதில் வரும் கோணம் குறைபாட்டின் வகையைச் சொல்லும், சி-இண்டெக்ஸ் கடுமையைச் சொல்லும் (பிசகாமல் அடுக்கினால் 1), எஸ்-இண்டெக்ஸ் அவர் ஒரே திசையில் குழம்பினாரா, இல்லை மனம் போன போக்கில் அடுக்கினாரா என்று காட்டும். எனக்கு இந்த மூன்றாவதுதான் ரொம்பப் பிடிக்கும். எக்செலில் ஒருமுறை போட்டு வைத்தால் அப்புறம் வரிசையை டைப் செய்வது மட்டும்தான் வேலை.

இதே போல 85 மூடிகளை அடுக்கச் சொல்லும் 100 ஹியூ சோதனையில் வேறு குழப்பம். 1, 2, 4, 3, 5 என்று அடுக்கினால் ஒரே ஒரு ஜோடிதான் இடம் மாறியிருக்கிறது, ஆனால் ஒவ்வொரு மூடிக்கும் இரு பக்க வித்தியாசத்தைக் கூட்டி 2 கழித்தால் 2, 4, 3, 5 நான்கின் மேலும் தலா 1 விழுந்து மொத்தம் 4 ஆகிவிடும். 20 என்ற ஸ்கோரைப் பார்த்து '20 தப்பா!' என்று பதறுபவர்கள் இதைப் போட்டுப் பார்க்கலாம். வயது ஏற ஏற ஸ்கோரும் ஏறும் என்பதால் வயதுவாரி அளவோடுதான் ஒப்பிட வேண்டும்.

இதெல்லாம் பகல் வெளிச்சத்துக்கு நிகரான விளக்கில் சோதித்தால்தான். பழைய மஞ்சள் குண்டு பல்பின் கீழே லேசான பச்சைக் குறைபாடு உள்ளவர் அட்டைகளைச் சரியாகப் படித்துவிட்டுப் போக வாய்ப்புண்டு, எந்த ஃபார்முலாவும் அதைப் பிடிக்காது.