மயோடோனிக் டிஸ்ட்ரஃபியில் மூளை ஸ்கேன்: படம் கெடும் இடங்கள்

மயோடோனிக் டிஸ்ட்ரஃபி முதல் வகை, 19-ஆம் குரோமோசோமில் உள்ள டி.எம்.பி.கே. மரபணுவில் சி.டி.ஜி. என்ற மூன்றெழுத்து டி.என்.ஏ. தொடர் 50 முறையோ அதற்கு மேலோ திரும்பத் திரும்ப வருவதால் உண்டாகிறது. தசை நோய் என்று பெயர், மூளையையும் விடுவதில்லை. பொட்டு மடலின் முன்முனை வெண்பொருளில் ஃபிளேர் (மூளை நீரின் வெண்மையை அடக்கி எடுக்கும் எம்.ஆர்.ஐ. வகை) படத்தில் வெள்ளைத் திட்டுகள் தெரியும். ஆனால் படத்தில் தெரிவதெல்லாம் மூளையின் வேலை அல்ல. தசையும் மூச்சும் தூக்கமும் அதில் கலந்துவிடும்.

முதலில் இதயம். மின்கடத்தல் தடைபடுவதால் இவர்களில் பலருக்குப் பேஸ்மேக்கர் இருக்கும். கேள்வித்தாளில் போட்ட டிக்கை நம்பாமல் கருவியின் அட்டையைக் கேட்டு வாங்குங்கள். பெட்டி எம்.ஆர்.ஐ.க்கு ஏற்றதாக இருந்தாலும் உள்ளே போகும் கம்பி பழையதாக இருக்கலாம். இரண்டின் மாடலும் வேண்டும். அடுத்து மூச்சு. உதரவிதானம் தளர்ந்தவர்களுக்கு மல்லாந்து படுத்தாலே முட்டும். வெளியே கட்டிலில் 20 நிமிடம் தட்டையாகப் படுக்கவைத்துப் பாருங்கள். மூச்சுக்கு உதவும் வீட்டு பைபேப் கருவி காந்த அறைக்குள் போகக்கூடாது. தூக்க மருந்து கொடுத்துச் சமாளிக்கும் யோசனையே வேண்டாம். வழக்கமான அளவே இவர்கள் மூச்சை அடக்கிவிடலாம்.

கையில் கொடுக்கிற அவசர ரப்பர் பந்தை யாரும் பெரிதாக எண்ணுவதில்லை. விரல் மடக்கப் பலமில்லாதவருக்கு அது வெறும் பொம்மை. உள்ளே தள்ளும் முன் ஒரு முறை அமுக்கச் சொல்லி, கன்ட்ரோல் அறையில் மணி கேட்கிறதா என்று பாருங்கள். கேட்கவில்லை என்றால் துணைக்கு ஒருவர் உள்ளே நிற்கட்டும். மூளை வேலை செய்வதைப் பதியும் செயல்முறை ஸ்கேனில் பொத்தான் அமுக்கும் சோதனையிலும் இதே வில்லங்கம்: இறுகிய விரல் சட்டென்று விடாது, அடுத்த பதில் தாமதமாகும், அது மூளையின் மந்தமாகக் கணக்கில் ஏறிவிடும்.

மூளையின் அமைப்பைக் காட்டும் 1 மி.மீ. டி1 படத்தை முதலில் எடுங்கள். தலை அசைந்தால் மூளையின் மேலடுக்கான புறணி மெலிந்ததுபோல் காட்டும். நோயாளிகள்தான் ஒப்பிட எடுக்கும் நோயற்றவர்களின் கட்டுப்பாட்டுக் குழுவைவிட அதிகம் அசைவார்கள். அதை அடுத்து, எதுவும் செய்யாமல் விழித்துப் படுத்திருக்கும்போது மூளைப் பகுதிகளின் இணைப்பைப் பார்க்கும் ஓய்வுநிலைப் பதிவு. பகல்தூக்கம் இந்த நோயோடு வருவது. தள்ளிப்போட்டால் தூங்கிவிடுவார்கள், தூங்கும் மூளையின் இணைப்புகள் வேறு. கண் கேமரா இருந்தால் நல்லது. இரவில் மூச்சு குறைந்து கார்பன் டை ஆக்சைடு தேங்கியவர்களுக்கு மூளை ரத்தநாளங்கள் விரிந்து சிக்னலே மாறும். ஃபிளேரும் டிஃப்யூஷனும் (நீர் பரவும் விதத்தைப் பார்க்கும் படம்) பிறகு வரலாம்.

கணக்கீட்டில் பெரிய ஆபத்து அந்தத் திட்டுகள்தாம். டி1 படத்தில் அவை கருமையாக விழுவதால் மென்பொருள் அவற்றைச் சாம்பல்பொருளாக எண்ணிவிடும். ஃபிளேரில் எல்லை வரைந்து, அந்த இடத்தை அண்டை வெண்பொருளின் மதிப்பால் நிரப்பிய பிறகே சாம்பல்பொருள், வெண்பொருள் என்று பிரிக்க வேண்டும். சிலருக்கு மண்டையோடு தடித்திருக்கும். மென்பொருள் படத்திலிருந்து மண்டையோட்டை நீக்கும் கட்டத்தில் மூளையும் சேர்ந்து வெட்டுப்படும். ஒவ்வொருவரின் படத்தையும் கண்ணால் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

ரத்தத்தில் எண்ணிய சி.டி.ஜி. நீளத்தோடு படத்தை ஒப்பிடும்போது, ரத்தம் எடுத்த வயதையும் குறித்துவையுங்கள். தொடர் வயதோடு நீள்கிறது, திசுவுக்குத் திசு மாறுகிறது. ரத்தத்தில் உள்ள நீளமே மூளையிலும் இருக்க வேண்டியதில்லை.