பம்பு வாங்குவதற்கு முன்னால்

குழாயில் தண்ணீர் மெல்ல வந்தால் போதும், நம் ஆட்கள் உடனே "பிரெஷர் இல்லை" என்று சொல்லிவிடுவார்கள். சிங்கப்பூரில், ஈசூனில் இருக்கும் பெரியம்மா வீட்டிலும் அதே கதைதான். பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக், மேல்மாடிக்கு ஒரு மாடி கீழே. ஷவர் நூலாக வடிகிறது என்று அவருடைய மருமகன் பம்பு விலை விசாரிக்கவே தொடங்கிவிட்டார்.

அவர் நினைத்ததில் நியாயம் இல்லாமலில்லை. கூரைத் தொட்டியிலிருந்து தண்ணீர் 10 மீட்டர் இறங்கினால்தான் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் கிடைக்கும், ஒரு மாடியோ 3 மீட்டர்கூட வராது. அதனால்தான் பல புளோக்குகளில் மேல்மாடிகளுக்கென்று தனி பம்பு வைத்திருக்கிறார்கள். ஆனால் அது பழுதானால் ஒரு வீடு மட்டுமா தவிக்கும்? எதிர்வீட்டு மக்சிக்கிடம் (மலாய் அத்தையிடம்) கேட்டோம், அங்கே நன்றாகவே வருகிறதாம். அப்போ கோளாறு எங்கள் பக்கம்தான்.

சமையலறைக் குழாயைத் திறந்ததும் தண்ணீர் ஒரு நொடி சீறி வந்து, அப்புறம் தளர்ந்துவிட்டது. என்னைக் கேட்டால் இதைவிட நல்ல துப்பு கிடையாது. குழாய் மூடியிருக்கும்போது தண்ணீர் நகர்வதில்லை, அதனால் வழியில் எவ்வளவு நெருக்கடி இருந்தாலும் அழுத்தம் மெதுவாக ஏறி முழுசாக நிற்கும். ஓடத் தொடங்கியதும்தான் அந்த நெருக்கடி தெரியவரும். அழுத்தமே குறைவு என்றால் முதல் நொடியிலிருந்தே சோம்பலாகத்தான் வந்திருக்கும்.

வீடு முழுக்க இப்படி என்றால் முதலில் பார்க்க வேண்டியது மீட்டர் பக்கத்து வால்வு. குளியலறை ரெனவேஷனுக்காக அதை மூடியவர்கள் பாதிதான் திறந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். முழுசாகத் திறந்ததும் சமையலறை சரியாகிவிட்டது.

ஷவர் மட்டும் அப்படியே. தலையைக் கழற்றிவிட்டு வெறும் ஹோஸில் விட்டுப் பார்த்தோம், மாற்றமில்லை. ஷவருக்குத் தண்ணீர் வரும் ஹீட்டரின் மின்சாரத்தை அணைத்து, தண்ணீர் உள்ளே நுழையும் இடத்து வலையை எடுத்தால் சிமெண்டுத் துகளும் மணலும் அப்பியிருந்தன. கழுவிப் போட்டதும் சரியாகிவிட்டது. துருப்பிடித்த பழைய இரும்புக் குழாய் என்றால் இவ்வளவு சுலபத்தில் முடியாது, உரிமம் பெற்ற பிளம்பரை அழைத்துக் குழாயையே மாற்ற வேண்டியிருக்கும்.

வாஷ்பேசினில் மெல்ல வருவது கோளாறே இல்லை. தண்ணீர் சிக்கனத்துக்கான சின்ன வளையம் உள்ளே இருந்தது, பெரியம்மாவே எப்போதோ போட்டது. "அது அப்படியே இருக்கட்டும், பில் குறையுதுல்ல" என்றார்.